மே மாதம் பள்ளிக்கூடக் கதவைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள்

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கும், தலைமை ஆசிரியர் அம்மாவுக்கும், பேரூராட்சி மன்றத்தாருக்கும் வணக்கமுங்க.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற மே மாதத்தில் பத்து நாள், காலை 8 மணியிலிருந்து சாயங்காலம் 4 மணி வரை, பள்ளிக்கூடத்தில் கீழே இருக்கிற மூன்று வகுப்பறை, வராந்தா, கழிப்பறை, சத்துணவுக் கூடம், மைதானம் இவ்வளவையும் ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிற பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். நாற்பது பிள்ளைகள். பகல் முகாம்தான், ராத்தங்கல் கிடையாது. மொத்தச் செலவு 36,000 ரூபாய்க்குள் அடங்கும், கணக்கைக் கீழே எழுதியிருக்கிறேன், அரசுப் பணம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. கேட்பது சாவியும் சம்மதமும்.

நான் நம் பள்ளியில் எட்டாவது படிக்கிற பெண்ணின் அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் சாத்தியதும் என்னைப் போன்ற அம்மாக்களுக்கு வருகிற கவலை உங்களுக்கும் தெரிந்ததுதான், ஏனென்றால் குழுவில் பாதிப் பேர் நம் கூட வேலைக்கு வருகிறவர்கள்தான். காலை எட்டரைக்கு ஷிப்ட் ஆரம்பம். வேலை அதிகமாக இருக்கிற சீசனில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து வீடு திரும்ப ராத்திரி எட்டரை ஒன்பது ஆகிவிடுகிறது. பையன்களுக்குத் தோட்டத்துக் கிணறு இருக்கிறது, மைதானம் இருக்கிறது, சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் கேட்கிறவர் கிடையாது. பெண் பிள்ளைகள்? ஊரில் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீடு இருக்கிறவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். மற்றவர்களுக்கு, அதுவும் தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்து லைன் வீட்டில் குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கும், பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், தகர அட்டை போட்ட அறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செல்போனோடு உட்கார்ந்திருப்பதுதான் மே மாதம். அந்த அறைக்குள் கத்திரி வெயில் எப்படி இறங்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அதைப் பற்றி நாம் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. லீவு விட்டதும் சின்னச் சின்ன யூனிட்டுகளில் பிசிர் வெட்டவும், பீஸ் அடுக்கவும், கைமடிக்கவும் போகிற பிள்ளைகள். 2016-ல் சட்டத்தைத் திருத்தியதற்குப் பிறகு 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் கூலிக்கு வைக்கக் கூடாது. வைப்பது குற்றம். ஆனால் ஒரு மாதம் சும்மா வீட்டில் இருப்பதற்குப் பதில் என்னோடு வந்தால் கண் பார்வையில் இருப்பாளே என்று அம்மாவே கூட்டிப் போகிற நிலைமை இருக்கிறது. அந்த அம்மாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பிள்ளையை நம்பி விட ஓர் இடம் இருந்தால் அவர் கூட்டிப் போகமாட்டார். இப்படிக் கூலிக்குப் போகத் தொடங்கிய பிள்ளை ஜூனில் திரும்பப் பள்ளிக்கு வருவாளா என்பது நம் பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும்.

அதனால்தான் நேரத்தைப் பற்றி உறுதியாக இருக்கிறேன். கோடை முகாம் என்றாலே காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை என்று வைக்கிறார்கள். அது வீட்டில் ஆள் இருக்கிற குடும்பத்துக்குச் சரி. பன்னிரண்டரைக்கு முகாம் விட்டால் நம் பிள்ளை அந்தத் தகர அறைக்குத்தான் திரும்பிப் போகும், அதுவும் உச்சி வெயிலில். முழுப் பகலும் வைத்துக்கொள்ள வேண்டும், மத்தியானச் சோறு போட வேண்டும், சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே படுக்கவோ கதைப் புத்தகம் படிக்கவோ விட வேண்டும். செலவில் பெரும்பங்கு சோற்றுக்குத்தான் போகும், அது சரியான செலவு.

மாவட்ட விளையாட்டரங்கில் வருஷா வருஷம் கோடைப் பயிற்சி நடக்கிறது, நல்ல பயிற்சிதான். ஆனால் நம் ஊரிலிருந்து காலை ஆறு மணிக்கு யார் கூட்டிப் போவது? தனியார் முகாம்கள் ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்குகின்றன, இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை.

சரி, பத்து நாள் என்னதான் செய்வது? அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், மெஹந்தி என்று ஒரு மணிக்கு ஒன்றாகக் கலந்து கட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பணம் கொடுத்துக் கூப்பிட வேண்டும், பிள்ளைகள் மனதிலும் எதுவும் நிற்காது. ஒரே பொருளை எடுத்துக்கொண்டு பத்து நாளும் அதையே பல பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்பது எங்கள் யோசனை. அந்தப் பொருள் நம் நொய்யல் ஆறு.

காரணம், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, நடந்து போகிற தூரத்தில் ஓடுகிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது பாலத்தின் மேல் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிற இடம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, சூலூர், திருப்பூர் தாண்டி நம்மைத் தொட்டுக்கொண்டு போய்க் கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவேரியில் சேர்கிற ஆறு இது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? முதல் நாள் வராந்தா முழுக்கச் சாக்பீஸில் அந்த ஆற்றை வரையட்டும். இந்தக் கோடியில் வெள்ளியங்கிரி, அந்தக் கோடியில் காவேரி. குளங்கள், தடுப்பணைகள், அவரவர் வீடு, அப்பா அம்மா வேலை பார்க்கிற கம்பெனி எல்லாம் அதில் வர வேண்டும். பத்து நாளும் அதை அழிக்காமல் புதிதாகத் தெரிந்துகொள்வதைச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

தண்ணீரைச் சோதிக்கிற நாள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இரண்டு வாங்கினால் போதும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வரட்டும்: குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணி, போரில் வருகிற சப்பைத் தண்ணி (உப்புத் தண்ணி), தோட்டத்துக் கிணற்றுத் தண்ணி, கேன் தண்ணி. நொய்யல் தண்ணீரைப் பெரியவர்கள் கையுறை போட்டு மொண்டு வரலாம், பிள்ளைகள் இறங்கக் கூடாது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. நாற்பது பாட்டிலை அளந்து, எந்தத் தெருவில் எவ்வளவு என்று அந்தச் சாக்பீஸ் படத்திலேயே எழுதினால் பேரூராட்சிக்கும் அது உபயோகப்படும், இதை நான் மனதாரச் சொல்கிறேன். அப்புறம் மஞ்சள் சோதனை. ஈரோட்டு மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்து வெட்டிக்கொண்டால், சோப்புத் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணியும் பட்ட இடம் ஆரத்தி மாதிரிச் சிவக்கும், புளித் தண்ணி பட்டால் மஞ்சளாகவே நிற்கும். ஆரத்தி ஏன் சிவக்கிறது என்று சீருக்குச் சீர் ஆலம் சுற்றுகிற நாமே யோசித்ததில்லை. லேபில் கண்ணாடிக் குடுவை இல்லை என்று ஒன்பதாவது வரை காத்திருக்க வேண்டாம், வேதியியல் நம் சமையலறையிலேயே இருக்கிறது.

ஆறு ஏன் இப்படி ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் குழுவில் சிலருக்குத் தயக்கம் வரலாம், ஏனென்றால் நம் எல்லாருடைய சோறும் பனியனிலிருந்துதான் வருகிறது, என்னுடையதும் சேர்த்து. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்குகிற இடமாகி, கீழே இருக்கிற விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்து, அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை நடத்தலாம் என்று ஆனது வரைக்கும் எல்லாமே நம் வீட்டுக் கதை. யாரையும் குற்றம் சொல்லச் சொல்லித்தர வேண்டாம். ஒரு சாய மாஸ்டரையும், ஆற்றங்கரைத் தோட்டத்துக்காரம்மா ஒருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளைகளையே கேள்வி கேட்கச் சொல்லலாம். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் அம்மிச்சி, அப்பத்தா யாரிடமாவது, ஆற்றில் எந்த இடத்தில் துவைத்தீர்கள், என்ன மீன் கிடைத்தது, ஆடி பதினெட்டுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதி வரட்டும். பாட்டி வேறு ஊர்க்காரராக இருந்தால் அவர் ஊர் ஆற்றைப் பற்றிக் கேட்கட்டும். பீகார்ப் பிள்ளை கங்கையைப் பற்றி எழுதி வந்தால் அதையும் வராந்தாவில் ஒரு ஓரத்தில் வரையலாம்.

வெளியே போவது இரண்டு நாள். ஒன்று நஞ்சராயன் குளம். திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கிற இந்தக் குளம் பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உலக அளவில் மதிக்கப்படுகிற ஈரநிலம் நம் பக்கத்தில் இருக்கிறது, நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. மே மாதத்தில் வலசைப் பறவைகள் திரும்பிப் போயிருக்கும் என்றாலும் புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான், கொக்கு, நாரை இதெல்லாம் இருக்கும், காலையில் ஏழு மணிக்கே போய் ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் பஸ் செலவு பூஜ்யம். நாற்பது பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றாமல் பத்துப் பத்துப் பேராக இரண்டு அம்மாக்களோடு அனுப்பலாம். தனியாகப் பஸ் ஏறி, நிறுத்தம் கேட்டு இறங்குவதே நம் பிள்ளைகள் பலருக்குப் புதுசு, அதையும் முகாமின் பாடமாகத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று கொடுமணல். சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் இருக்கிற அந்த ஊரைப் பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே கல்மணிகளை அறுத்து, துளை போட்டு, பட்டை தீட்டியிருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள், பானை ஓட்டில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். பச்சைக் கல் நம் காங்கேயம் பக்கத்துப் படியூரிலேயே கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே தோண்டியெடுத்த சுடுமண் தக்களிகள். நூல் நூற்கிற வேலை இந்த ஆற்றங்கரைக்கு அவ்வளவு பழையது. அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறாள் என்று வகுப்பில் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது தெரிய வேண்டும். அங்கே அந்தக் காலத்து ஈமச் சின்னங்களான கல்வட்டங்களையும் நெடுங்கற்களையும் பார்க்கலாம். தரையில் கிடக்கிற ஓடோ மணியோ எதையும் கையில் எடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இந்த ஒரு நாளுக்கு மட்டும் வேன் வேண்டும்.

மீதி நாட்களில் சென்னிமலையிலிருந்து நெசவுக்கார அக்கா ஒருவர் வந்து பாவு, ஊடை என்றால் என்ன என்று காட்டுவது, பனியன் வேஸ்ட்டில் கயிறு பின்னி மிதியடி செய்வது, பழைய அட்டைப் பெட்டியில் சின்னத் தறி கட்டுவது. இதைத் தையல் வகுப்பாக ஆக்கிவிட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். பெண் பிள்ளைகள் என்றதும் தையல் மெஷினைக் கொண்டு வந்து வைக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. கம்பெனித் தையல் மெஷினான பவர் டேபிளில் உட்கார வேண்டிய காலம் வந்தால் உட்கார்ந்துகொள்வார்கள், பதின்மூன்று வயதில் அதற்குப் பழக்க வேண்டியதில்லை.

மைதானத்தைப் பற்றி. தினமும் காலை 8 மணியிலிருந்து ஒன்பதரை வரை மைதானம் முழுக்கப் பெண் பிள்ளைகளுக்கு வேண்டும். ஓரத்தில் ஒரு மூலையைக் கொடுத்தால் போதாது. லீவில் விடிந்ததிலிருந்து அங்கே கிரிக்கெட் நடக்கிறது என்பது தெரியும், அந்தப் பையன்களும் நம் பையன்கள்தான், ஒன்றரை மணி நேரம் தள்ளி விளையாடச் சொன்னால் கேட்பார்கள், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நீங்கள். கபடியும் கோ-கோவும் ஆடலாம், ஒன்றும் தெரியாதவர்கள் சும்மா ஓடட்டும். பெரியவளான பிறகு ஓடவே ஓடாத பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

இடத்தைப் பற்றி ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு அனுமதி வாங்குவது சிரமம், அதனால் கோயில் மண்டபத்திலோ சமூகத்து மண்டபத்திலோ வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நல்ல எண்ணத்தில் சொன்னார்கள். வேண்டாமுங்க. எந்த மண்டபத்துக்குள் எந்தத் தெருப் பிள்ளை தயங்காமல் நுழையும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் சரிசமமாக உள்ளே போகிற ஒரே இடம் பள்ளிக்கூடம்தான், அங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் அவர்கள். லீவில் வகுப்பு நடத்தக் கூடாது என்ற உத்தரவைப் பற்றிக் கேட்பீர்கள். இது வகுப்பில்லை, பாடப் புத்தகம் ஒன்றையும் தொடப் போவதில்லை. குழு ஒரு தீர்மானம் போட்டு, தலைமை ஆசிரியர் அம்மா மூலமாகக் கல்வி அலுவலருக்கு மார்ச் மாதத்துக்குள்ளேயே எழுதி, எழுத்திலேயே அனுமதி வாங்கிவிட்டால் பிறகு யாருக்கும் பயமில்லை.

பாதுகாப்பு. இதில் சமரசமே கூடாது. எந்த நேரமும் நான்கு பெண்கள் முகாமில் இருக்க வேண்டும், இரண்டு பேர் கண்டிப்பாக அம்மாக்கள். வெளியிலிருந்து பேச வருகிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், பிள்ளைகளோடு தனியாக விடக் கூடாது. வரும்போதும் போகும்போதும் கையெழுத்து நோட்டு, யார் கூட்டிப் போகலாம் என்று அம்மா முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பேர் மட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி, அது எதற்கு என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கழிப்பறையில் தண்ணீர், பக்கெட், மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்க வேண்டும். புதுயுகம் திட்டத்து நாப்கின்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி வைக்கலாம், கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா ஒரு மணி நேரம் வந்து பேசினால் இன்னும் நல்லது. பிள்ளைகளை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது, ஃப்ளெக்ஸ் அடிப்பது இரண்டும் கூடாது. உதவி செய்கிறவர்கள் பேரைக் கரும்பலகையில் அழகாக எழுதிப் பத்து நாளும் வைத்திருக்கிறோம்.

இப்போது கணக்கு. மத்தியானச் சோறும் காலையில் கம்பங்கூழோ சுண்டலோ சேர்த்து ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 45 ரூபாய், நாற்பது பேருக்குப் பத்து நாள் 18,000. சமையலுக்கு இரண்டு பேர், நாளுக்கு 400 வீதம் 8,000. சத்துணவு சமைக்கிற அக்காக்களே வந்தால் உலை அளவு அவர்களுக்கு அத்துப்படி. கழிப்பறை சுத்தம் செய்கிறவருக்கு 2,000, இதைக் குறைத்துப் பேசக் கூடாது. நோட்டு, சார்ட், சாக்பீஸ், பசை 3,000. மீட்டரும் சோதனைச் சாமானும் 1,000. சோப்பு, பினாயில், மருந்துப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் 1,500. கொடுமணலுக்கு வேன் 2,500. கூட்டினால் 36,000, ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 90 ரூபாய். முடிந்தவர்களிடம் பிள்ளைக்கு 100 ரூபாய் வாங்கலாம், முடியாதவர்கள் யார் என்பது அம்மாக்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளிடம் எதுவுமே வாங்கக் கூடாது, அவர்களை வரவழைப்பதே பெரிய வேலை, நாங்களே வீடு வீடாகப் போய்ப் பேசுகிறோம். எல்லாரும் கொடுத்தால்கூட மீதி 32,000 வேண்டும், கொடுக்க முடியாதவர்களைக் கழித்தால் இன்னும் கூடும், அது பொருளாகவே வந்தால் இன்னும் சுலபம். ஒரு சிப்பம் அரிசி, தோட்டத்துக் காய், ஒரு டின் கடலெண்ணெய், ஒரு கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை. மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டு ஒரு வாரத்தில் வசூலித்து முடிக்கிற ஊர் இது, நமக்கு இது முடியாத தொகையா? வரவு செலவு நோட்டைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலேயே தொங்கவிடுகிறோம், யாரும் எப்போதும் பார்க்கலாம்.

நடத்துவதற்கு ஆள் இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வியில் பாடம் எடுத்துப் பழகிய பெண்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், கல்லூரி லீவுக்கு வந்திருக்கிற அக்காக்கள் இருக்கிறார்கள், மகளிர் குழுவில் முறை வைத்து நாளுக்கு இரண்டு பேர் லீவு போட்டு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று முடிவெடுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேரூராட்சியிடம் கேட்பது இரண்டுதான்: பத்து நாளும் பள்ளித் தொட்டிக்குத் தண்ணீர் தவறாமல் வர வேண்டும், முகாமுக்கு முந்தின நாள் மைதானத்து முள்ளையும் கண்ணாடித் துண்டையும் கூட்டி எடுத்துத் தர வேண்டும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும் தீர்மான நோட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் எதனால் என்பதையும் எழுதுங்கள், அதைச் சரி செய்துகொண்டு திரும்ப வருகிறோம். பேச நாங்களும் வர வேண்டும், கம்பெனியில் பர்மிஷன் கேட்க வேண்டியிருப்பதால் கூட்டத் தேதியை இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.